கோட்டுப் பையில் ஏழு எண்கள்

துணியில் பை என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஏதாவது இருக்கும். இருக்காது என்று நம்பிக் கையை விடாமல் போகிறவள் என்றைக்காவது மாட்டிக்கொள்வாள். அவள் பதினெட்டு வருஷமாக யாரையும் நம்பாமல் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த லாண்டரியில் சலவைக்கு முந்திய வேலை அவளுடையது. பின்வாசலில் வண்டி வந்து மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகும். ஆஸ்பத்திரி விரிப்பு, ஹோட்டல் துவாலை, சமையல்காரர்களின் சட்டை, நர்சுகளின் மேலங்கி. வெள்ளை தனி, கலர் தனி, ரத்தம் பட்டது தனி. பிரிக்கும்போதே பைகளைப் புரட்ட வேண்டும். ஒரு பேனா தப்பி உள்ளே போய்விட்டால் டிரம்மில் இருக்கிற அத்தனை வெள்ளையும் நீலம். ஊசி மூடி, ஹேர்பின், பாதி தின்ற மிட்டாய், ஒருமுறை யாருடையதோ கட்டுப்பல்.

"உங்க வீட்டுக்காரம்மா இந்த ஊர்ல எல்லார் பாக்கெட்டையும் பாத்தவங்க" என்று அவள் புருஷனைக் கேலி செய்வார்கள்.

"என் பாக்கெட்டைப் பாத்துட்டுத்தான் உங்க பாக்கெட்டுக்கே வந்தா" என்பார் அவர்.

கிடைத்தது எதுவானாலும் சுவரில் அறைந்திருந்த தகரப் பெட்டியில் போட வேண்டும். மேலே ஒரு வாய், கீழே ஒரு பூட்டு. சனிக்கிழமை சூப்பர்வைசர் திறப்பார். பெட்டியில் போடாமல் ஒரு குண்டூசியை வெளியே கொண்டுபோனாலும் வேலை போகும். இரண்டு பேருக்குப் போயிருக்கிறது.

அந்த வாரம் முழுக்க மழை. வெளியே ஈரம், உள்ளே ஆவி. சுவரில் கை வைத்தால் கை நனைந்தது. எல்லோரும் தலையில் துணித் தொப்பி போட்டிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவளுக்கு அந்தச் சட்டம் வசதியாக இருந்தது. தொப்பிக்குள் முடி இல்லை.

மார்பில் புற்றுநோய். இடது பக்கம் எடுத்தாகிவிட்டது. வேலை செய்யும் இடத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி லீவு போட்டிருந்தாள். ஆறு ஊசியில் மூன்று முடிந்திருந்தது. மூன்று வாரத்துக்கு ஒன்று, வார விடுமுறையன்று போட்டுக்கொண்டு மறுநாள் வந்துவிடுவாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தூக்காமலே வேலை செய்யப் பழகிக்கொண்டாள். ஆஸ்பத்திரி விரிப்பில் பச்சைக் கரை போட்டது வந்தால் மட்டும், போன வாரம் தான் படுத்ததாக இருக்குமோ என்று ஒரு கணம் பார்ப்பாள். அப்புறம் அதையும் வெள்ளையோடு போடுவாள்.

லாண்டரி தன் ஆட்களுக்கு எடுத்துக் கொடுத்திருந்த இன்சூரன்ஸ் அட்டையில்தான் எல்லாம் நடந்தது. அட்டையை நீட்டினால் ஆஸ்பத்திரி நேராக இன்சூரன்ஸ்காரர்களிடம் வாங்கிக்கொள்ளும், யாருக்கு என்ன நோய் என்று லாண்டரி ஆபீசுக்குத் தெரியாது என்று சொன்னார்கள். அதையும் அவள் பாதிதான் நம்பினாள். அட்டை இல்லாவிட்டால் நாலாவது ஊசி இல்லை. அதை மட்டும் முழுதாக நம்பினாள்.

அவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் பாய்லர்க்காரர். அவருக்குக் கிட்னி கெட்டுப்போனபோது சூப்பர்வைசர் அவரிடம் நயமாகப் பேசி, உதவி செய்யத்தான் கேட்கிறோம் என்று விவரம் எழுதி ஆபீசில் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நோயாளி அதிகமானால் இன்சூரன்ஸ்காரன் ரேட்டை ஏற்றுகிறான் என்று முதலாளி யாரிடமோ சொன்னாராம். பாய்லர்க்காரர் வீட்டை விற்றார். அப்புறம் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தச் சூப்பர்வைசருக்குக் "கோட்டு" என்று பேர். இஸ்திரி ரோலர் பக்கம் மனுஷன் வெந்துபோகிற சூட்டிலும் பழுப்பு நிறக் கோட்டைக் கழற்றாமல் திரிவார். "செத்தா அதோடத்தான் பொதைக்கணும்" என்று ரோலர்க்காரி சொல்வாள். ஆபீஸ் துணி புதன்கிழமை சலவைக்கு வரும். அந்தப் புதன்கிழமை அந்தக் கூடையில் கோட்டும் கிடந்தது. மழையில் தொப்பலாக நனைந்து ஆணியில் தொங்கியதை யாரோ சலவைக்கு என்று நினைத்துப் போட்டிருக்க வேண்டும்.

வெளிப்பைகளில் ஒன்றுமில்லை. உள்பக்கம், அக்குளுக்குக் கீழே, தைத்துச் சேர்த்த ஒரு சின்னப் பை. அப்படி ஒன்று இருப்பது பை பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த ஒரு தாள்.

படிக்கக்கூடாது. படித்தாள்.

மேலே அச்சடித்த தலைப்பு: ஏற்கெனவே நோய் உடையோர் பட்டியல். கீழே லாண்டரியின் சீல், முதலாளியின் கையெழுத்து. நடுவில் கோட்டின் குண்டு கையெழுத்தில் ஏழு எண்கள், ஆட்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் டோக்கனின் எண்கள். பேர் எழுத இடமே இல்லை. எண்ணுக்கு நேரே நோய், அதற்கு நேரே எப்போதிலிருந்து என்று. அறுபத்தொன்றுக்கு நேரே மார்பு என்று இருந்தது. எப்போதிலிருந்து என்ற கட்டம் காலி. அறுபத்தொன்றைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.

அறுபத்தொன்று அவள்தான்.

சுற்றிலும் பார்த்தாள். டிரம் ஓடிக்கொண்டிருந்தது. தகரப் பெட்டி நாலடி தூரத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, கையில் கிடைத்ததைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டாள். மொட்டைத் தலையில் பிளாஸ்டிக் சில்லென்று ஒட்டியது.

அவள் புருஷன் சாவிக்காரர். குடியிருந்த கட்டடத்தின் வாசலிலேயே ஒரு மேசை போட்டு, சாவி வெட்டும் மெஷின் ஒன்றும் பூட்டுகள் தொங்கும் கம்பி ஒன்றும் வைத்திருந்தார். சொந்தத் தொழில், ஆகவே சொந்தமாக இன்சூரன்ஸ் இல்லை. அவரும் அவள் அட்டையில்தான் இருந்தார். தான் மாட்டுகிற பூட்டுக்கே எங்கேயோ மூன்றாவது சாவி ஒன்று இருக்கும் என்று நினைக்கிற ஆள்.

சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து கஞ்சி வைத்தார். அவளுக்கு வேறு எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. கஞ்சி ஆறுகிற நேரத்தில் அவளுடைய மேலங்கியை ஊறப்போட்டார். துணி துவைக்கிற இடத்தில் வேலை, வீட்டில் துணி துவைக்கக் கை இல்லை. அவர் முணுமுணுக்காமல் துவைத்தார், ஆனால் மோசமாகத் துவைத்தார்.

தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"சீல் நிஜம்தான்."

"சீல் நிஜமான்னா கேட்டேன்?"

"பாய்லர்க்காரனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒருத்தனை எடுத்தான், யாரும் கேக்கல. இப்ப மொத்தமா ஏழு பேரு."

"எனக்கு மட்டும் எதுக்கு வட்டம்?"

"முதல்ல உன்னை எடுக்கத்தான். ஊசி ரேட்டு அப்படி." கஞ்சியைத் தள்ளி வைத்தார். "அது இருக்கட்டும். மார்புன்னு எப்படி எழுதினான்? கர்ப்பப்பைன்னுதானே சொல்லியிருந்தே. யாருகிட்ட உளறினே?"

அவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"ரோலர்க்காரிகிட்டயா?"

"ரெண்டாவது ஊசிக்கு அவதானே கூட வந்தா. உங்களுக்கு அன்னிக்குப் பூட்டு வேலை இருந்துச்சு."

"ஒரு நாள் கடையைப் பூட்டியிருப்பேன். சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். பூட்டைப் பாத்துக்கிட்டே தலையாட்டினீங்க."

அவர் தாளை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "மத்த ஆறு யாரு?" என்றார்.

ஐந்து பேரை அவளுக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு தையல் மேசைக்காரர், சர்க்கரை. எழுபது, வண்டி ஓட்டுகிறவர். நாலு என்ற எண் மட்டும் பிடிபடவில்லை. எதிரே ரத்தம் என்று இருந்தது. அவ்வளவு சின்ன எண் இப்போது யார் கழுத்திலும் இல்லை.

"வேலையில இல்லாத ஆளு நம்பரைக்கூட எழுதியிருக்கான் பாரு" என்றார் சாவிக்காரர். "கணக்குக் காட்ட. இது அவங்க கைக்குத் திரும்பிப் போகக்கூடாது. இங்கேயே இருக்கட்டும்."

சாவி அச்சுகள் போட்டிருந்த டப்பாவுக்கு அடியில் தாளை வைத்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை காலை கோட்டு கோட்டு இல்லாமல் வந்தார். அப்படி அவரைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. தோள் எலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு நின்றது. பிரிப்பு அறைக்குள் வந்து கூடைகளைக் கவிழ்த்தார். உலர்த்தும் இடத்தில் காய்ந்து தொங்கிய கோட்டை எடுத்து உள்பைக்குள் விரலை விட்டு நெடுநேரம் துழாவினார். தகரப் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார். சனிக்கிழமைக்கு முன்னால் அவர் அதைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

"என் கோட்டு உன் மேசைக்கு வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"பை பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"உள்ள?"

"உள்பையும் உண்டா சார்?"

அவர் அவளையே பார்த்தார். சந்தேகப்படுகிற பார்வையா, இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. சந்தேகம் எது என்று தெரிந்த கண்ணுக்கும் சில சமயம் தெரிவதில்லை. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு போனார்.

மத்தியானம் சாப்பிடுகிற இடத்தில் ரோலர்க்காரி வழக்கம்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளைவிடப் பத்து வயது சின்னவள். ரோலரில் சுட்ட தழும்பு இரண்டு முழங்கையிலும் வரிவரியாக இருக்கும். வேகவைத்த உருளைக்கிழங்கை உரித்து ஒன்றை நீட்டினாள்.

"தின்னுக்கா. உப்புப் போடல, உனக்காக."

"கோட்டுகிட்ட என்னைப் பத்தி என்னடி சொன்னே?"

ரோலர்க்காரி நீட்டிய கையை மடக்கவில்லை. "ஆமா, சொன்னேன்."

இல்லை என்று சொல்வாள், அழுவாள், சத்தியம் செய்வாள் என்று எதிர்பார்த்திருந்தாள்.

"எவ்ளோ கொடுத்தான்?"

"அடிச்சேன்னா பாரு. அக்கான்னுகூடப் பாக்க மாட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணாம் தேதியிலேருந்து இன்சூரன்ஸ் கம்பெனி மாறுது, தெரியுமா உனக்கு? தெரியாது. யாருக்கும் சொல்லல. ரேட்டு கம்மின்னு முதலாளி மாத்துறாரு. புதுக் கம்பெனி, ஏற்கெனவே நோய் இருக்கறவங்களை முன்னாடியே எழுதிக் கொடுத்தா விடாம தொடர்ந்து பாப்பானாம். எழுதிக் கொடுக்கலேன்னா அந்த நோய்க்கு மூணு வருஷம் ஒண்ணும் கிடையாதாம். மூணு வருஷம், அக்கா. நீ அதுவரைக்கும் தாங்குவியா?"

அவள் உருளைக்கிழங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"கோட்டு ஒவ்வொருத்தரா ரகசியமா கேட்டாரு. யாரும் வாயைத் தொறக்கல. எவன் தொறப்பான், பாய்லர்க்காரர் கதை தெரிஞ்சவன்? எங்கிட்ட கேட்டாரு. உன் பேரைச் சொன்னேன். உன்னைக் கேட்டிருந்தா இல்லேன்னு சாதிச்சிருப்பே. எந்த தேதின்னு எனக்குத் தெரியல, அதை மட்டும் உங்கிட்டயே கேட்டுக்கறேன்னு வட்டம் போட்டு வச்சாரு."

"அவன் சொன்னதை அப்படியே நம்பிட்டியா?"

"நம்பல. ஆனா நம்பாம இருந்து என்ன கிடைக்கும்னு பாத்தேன். ஒண்ணும் தெரியல." ரோலர்க்காரி தோலைக் கூட்டி அள்ளினாள். "இப்ப அதுவும் போச்சு. அந்தத் தாள் காணாமப் போச்சாம். முதலாளி வெளியூர் போறதுக்கு முன்னாடி மத்த காகிதத்தோட சேத்துப் படிக்காமலே கையெழுத்துப் போட்டது. இனிமே சீலும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட கடைசி. நாளைக்கு."

மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. யாரோ தொப்பியில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் சாவிக்காரர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

"நாடகம். தாள் உங்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அவளை விட்டுப் பேச வைக்கறான்."

"அவன் மூஞ்சியைப் பாக்கல நீங்க."

"மூஞ்சி! பூட்டை உடைச்சவன்கூட எங்கிட்ட வந்து சாவி தொலஞ்சு போச்சுன்னு அழுவான். நான் மூஞ்சியைப் பாத்தா சாவி வெட்டறேன்?"

"அவ சொல்றது நிஜமா இருந்தா?"

"நிஜமாவே இருக்கட்டும். கொண்டுபோய்க் கொடுத்தா என்னன்னு கேப்பான்? எங்கே கிடைச்சுதுன்னு கேப்பான். பையிலேன்னு சொல்லுவே. ஏன் பெட்டியில போடலேன்னு கேப்பான். வேலை போச்சு. வேலை இல்லாதவளுக்கு எந்த இன்சூரன்ஸ்? பெட்டியில போடு, வேணும்னா. யாரு போட்டான்னு எவனும் கேக்க மாட்டான்."

"பெட்டி சனிக்கிழமைதான் தொறப்பாங்க."

"ஆமா."

"கடைசி நாள் வெள்ளிக்கிழமை."

மழை கம்பிக் கதவில் தட்டிக்கொண்டிருந்தது. கம்பியில் தொங்கிய பூட்டுகள் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"கொடுக்கலேன்னா ஏழு பேருக்கும் போகும்" என்றாள் அவள். "கொடுத்தா எனக்கு மட்டும் போகும். அதுவும் போகுமோ போகாதோ."

"அந்த ஆறு பேரு உனக்கு என்ன மாமனா மச்சானா?"

"அவங்களுக்காகன்னு யாரு சொன்னா? கொடுக்கலேன்னா எனக்கு நிச்சயமாப் போகும். கொடுத்தா பாதிக்குப் பாதி. நீங்களே சொல்லுங்க, எது மேல்?"

அவர் சாவி அச்சு டப்பாவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய்ப் பூட்டைத் திறந்தார். "நானும் வர்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, டிரம் போடும் முன்பே, கோட்டின் அறைக்குப் போனாள். அறை என்றால் இரண்டு அலமாரிக்கு நடுவே ஒரு மேசை. தாளை உறையோடு மேசைமேல் வைத்தாள். சாவிக்காரர் வாசலில் குடையோடு நின்றார்.

கோட்டு தாளைத் தொடவில்லை. முதலில் கதவைப் பார்த்தார், அப்புறம் அவளை.

"எங்க கிடைச்சுது?"

"உங்க கோட்டுல. உள்பையில. புதன்கிழமை."

"பெட்டியில போடல."

"போடல."

"ரூல் தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியும் சார். பாய்லர்க்காரர் பேரை எழுதிக் கொடுத்தது நீங்கதானே. அதே கையெழுத்துல என் நம்பர் இருந்துச்சு. நான் என்ன நினைக்கணும்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டார், குளிர்கிற மாதிரி.

"அவர் பேரை நான் ஆபீஸ்ல கொடுத்தேன்" என்றார். "நல்லதுன்னு நினைச்சுத்தான் கொடுத்தேன். நீ நம்பணும்னு இல்ல. அதான் இந்தத் தடவை மேசையில வைக்கல, பையில வச்சேன். கடைசியில பையையும் நீ பாத்துட்டே."

"என் வேலையே அதுதானே சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே இருமலாகிவிட்டது. இருமி முடித்ததும் ஒரு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். எச்சரிக்கைக் கடிதம். பையில் கிடைத்த பொருளைப் பெட்டியில் சேர்க்கத் தாமதம் செய்தமைக்கு. "திருட்டு இல்ல, தாமதம். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு. எழுதாம விட்டா நாளைக்கு வேற எவனாவது திருட்டுன்னு எழுதுவான்."

அவள் இரண்டு தடவை படித்தாள். வாசலில் இருந்தவரிடம் கொடுத்து அவரையும் படிக்க வைத்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"சரி, போ. மத்தியானம் நான் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்."

"நாங்களும் வர்றோம்" என்றார் சாவிக்காரர்.

"என்னை நம்பலையா?"

"இல்ல."

"சரி" என்றார் கோட்டு.

இன்சூரன்ஸ் ஆபீஸ் மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு மாடியில் இருந்தது. படியெல்லாம் ஈரக் காலடி. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் தாளை விரித்து எண்களைப் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"அறுபத்தொண்ணுக்குத் தேதி இல்லையே."

"நான்தான் அறுபத்தொண்ணு" என்றாள் அவள்.

பேனாவை வாங்கினாள். டாக்டர் சொன்ன நாள் எது என்று தெரியும். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதும் தெரியும். அன்றைக்குச் சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனாள். டாக்டர் சொன்ன நாளைத்தான் எழுதினாள். காகிதத்துக்கு அதுதான் வேண்டும்.

"நாலாம் நம்பர்?" என்றாள் கவுண்டர் பெண். "லாண்டரி அனுப்பினதுல மத்தவங்க அடையாள அட்டை நகல் இருக்கு, இவருது இல்ல."

கோட்டு உள்பைக்குள் கையை விட்டு, ஓரம் தேய்ந்த ஒரு பழைய டோக்கனையும் ஒரு நகலையும் எடுத்து ஜன்னலுக்குள் தள்ளினார். பித்தளை டோக்கன். அதில் நாலு என்று பொறித்திருந்தது. சூப்பர்வைசர் ஆவதற்கு முன் அவர் டிரம் தள்ளிக்கொண்டிருந்த காலத்தது. ஆபீஸ் பதிவில் இன்றைக்கும் அவர் அந்த எண்தான்.

ரத்தம் என்று எழுதியிருந்ததை அவள் மனசுக்குள் இன்னொரு தடவை படித்தாள். அந்த ஆவியில், அந்தக் கோட்டில், அவருக்கு எத்தனை நாளாகக் குளிர்ந்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை.

கவுண்டர் பெண் தாளுக்கு ஒரு நகல் எடுத்து இரண்டிலும் முத்திரை குத்தினாள். நகலை அறுபத்தொன்றுதான் வாங்கிக்கொண்டாள். கோட்டு ஆட்சேபிக்கவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி மழையில் முன்னால் நடந்துபோனார்.

பஸ் நிறுத்தத்தில் சாவிக்காரர் முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"தனக்காகத்தான் செஞ்சிருக்கான்."

"ஆமா."

"நமக்கு உபகாரம் பண்ற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு. அந்த மாதிரி ஆளை எப்படி நம்பறது?"

"அவனை யாரு நம்பச் சொன்னா? அவன் நம்பரும் அந்தத் தாள்லதானே இருக்கு. அது இருக்கறவரைக்கும் அந்தத் தாளை அவனும் கிழிக்க மாட்டான், வேற எவனையும் கிழிக்க விட மாட்டான்."

அவர் யோசித்துப் பார்த்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒன்றாம் தேதி புது அட்டை வந்தது. அதற்கடுத்த வாரம் நாலாவது ஊசி. சாவிக்காரர் அன்று கடையைப் பூட்டினார். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் அட்டையை மெஷினில் தேய்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பச்சை விளக்கு எரிந்தது.

"இன்னொரு தடவை தேய்ங்க" என்றார் சாவிக்காரர்.

"பச்சை வந்துடுச்சே சார்."

"தெரியுது. இன்னொரு தடவை."

அந்தப் பெண் மறுபடி தேய்த்தாள். மறுபடியும் பச்சை. அவர் குனிந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வலது கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள்.